கடல் தாண்டற டிக்கெட்டை முதல்ல பிடிங்க

போன மாசம் இந்தப் பக்கத்துல உலகத்தையே ஒரு சுத்து சுத்தி வர்ற நீண்ட பயணத்துக்கு பிளைட் டிக்கெட் போடறதைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு கடிதமும் மெயிலும் வரும்னு நான் நெனக்கவே இல்ல. சென்னையில ஒரு டிராவல் ஏஜென்சி டிக்கெட்டிங் கவுன்ட்டர்ல 22 வருஷம் உக்காந்தவ நான். அங்க தினமும் பாத்த தப்பையெல்லாம் நீங்க பண்ணிடக் கூடாதுங்கற கவலையிலதான் இந்த மாசம் பக்கம் முழுக்க இதுக்கே எடுத்துக்கறேன்.

கேள்வி: மேடம், நானும் என் மனைவியும் பேங்க்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. பையன் மெல்போர்ன்ல இருக்கான், பொண்ணு நியூ ஜெர்சியில. தனித்தனியா ரெண்டு தடவை போய்ட்டு வர்றதுக்குப் பதிலா ஒரே சுத்தா ஏழு மாசம் போய், வழியில லண்டனையும் பாத்துட்டு வந்துடலாம்னு ஆசை. ரவுண்ட் த வேர்ல்ட் டிக்கெட்னு ஒண்ணு இருக்காமே, அதை வாங்கறதா, இல்ல ஒவ்வொண்ணா வாங்கறதா? - ஒரு வாசகர், திருச்சி

பதில்: சார், உங்க லெட்டரைப் படிச்சதும் மனசுக்கு நெறைவா இருந்துச்சு. ஒரு பிள்ளை கிழக்கே, ஒரு பிள்ளை மேற்கே, இந்த டிக்கெட்டே உங்களுக்காகத்தான் கண்டுபிடிச்சாங்களோன்னு தோணுச்சு. மெல்போர்ன் போய்ட்டு திருச்சிக்குத் திரும்பி வந்து, மறுபடி இங்கேருந்து அமெரிக்கா கிளம்பறதுன்னா வந்த வழியையே திரும்ப அளக்கற வேலை, அதுக்குப் பதிலா மெல்போர்ன்லருந்து அப்படியே பசிபிக்கைத் தாண்டிட்டா ரெண்டு பெரிய பயணம் மிச்சம், உடம்புக்கும் நல்லது.

அந்த டிக்கெட் என்னன்னு முதல்ல சொல்லிடறேன். விமானக் கம்பெனிங்க கூட்டணி வெச்சிருக்காங்க. ஸ்டார் அலையன்ஸ்ல ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா எல்லாம் இருக்கு, ஒன்வேர்ல்ட்ல ஸ்ரீலங்கன், கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவான்டாஸ் எல்லாம் இருக்கு. ஏர் இந்தியாவும் ஸ்ரீலங்கனும் அந்தந்தக் கூட்டணியில சேந்தது 2014ல. ஒரு கூட்டணிக்குள்ள இருக்கிற கம்பெனி பிளைட்டுங்களையெல்லாம் கோத்து ஒரே டிக்கெட்டா தர்றதுதான் இது. ஸ்டார்ல தூரக் கணக்கு, 29,000 மைல், 34,000 மைல், 39,000 மைல்னு படிப்படியா விலை ஏறும் (பூமியோட சுற்றளவே கிட்டத்தட்ட 24,900 மைல்தான், அதனால கொஞ்சம் வளைஞ்சு நெளிஞ்சு போக இடம் இருக்கு). ஒன்வேர்ல்ட் எக்ஸ்ப்ளோரர்ல கண்டக் கணக்கு, மூணு கண்டத்துலருந்து ஆறு கண்டம் வரைக்கும், எத்தனை கண்டம் தொடறீங்களோ அதுக்குத் தக்க விலை. ரெண்டுலயும் பொதுவா இருக்கிற சட்டம் இதுதான்: அதிகபட்சம் 16 பிளைட், ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கணும், கிழக்கேன்னா கிழக்கே, மேற்கேன்னா மேற்கே, ஒரே திசையிலதான் போகணும், பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் தாண்டணும், கிளம்பின நாட்டுக்கே திரும்பி வரணும்.

உங்களுக்கு நான் போட்டுத் தந்தா சென்னை, கொழும்பு, மெல்போர்ன், லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், லண்டன், சென்னை, அவ்வளவுதான். ஸ்ரீலங்கன்ல மெல்போர்ன், குவான்டாஸ்ல லாஸ் ஏஞ்சல்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ்ல திரும்பி சென்னை. ஆசியா, ஆஸ்திரேலியா பக்கம், வட அமெரிக்கா, ஐரோப்பான்னு நாலு கண்டக் கணக்குல வந்துடும். திருச்சிலருந்தே ஆரம்பிக்கலாமேன்னு தோணும், ஆனா லண்டன்லருந்து திரும்பற பிளைட் சென்னைக்குத்தான் வருது, கிளம்பின ஊர்லயே முடிக்கிறதுதான் சிக்கலில்லாத வழி, சென்னை வரைக்கும் ரயில்ல வந்துடுங்க.

காலத்தைப் பாருங்க சார், இதுதான் டிக்கெட் விலையை விட முக்கியம். ஜூன், ஜூலையில மெல்போர்ன் குளிரும், டிசம்பர், ஜனவரியில நியூ ஜெர்சில பனி கொட்டும், நம்ம ஊர் உடம்புக்கு ரெண்டுமே கஷ்டம். பிப்ரவரி கடைசியில கிளம்பினா மெல்போர்ன்ல வெயில் இறங்கற நேரம், மார்ச் ஏப்ரல் ரெண்டு மாசமும் அங்க ரொம்ப நல்லா இருக்கும், நம்ம திருச்சி வெயில்லருந்தும் தப்பிச்சிடலாம். மே நடுவுல அமெரிக்கா, ஆகஸ்ட் கடைசி வரைக்கும் பொண்ணு வீடு, செப்டம்பர்ல லண்டன், தீபாவளிக்கு நம்ம வீட்ல எண்ணெய் தேச்சுக் குளிச்சிடலாம்.

இப்ப வாங்கறதா வேணாமாங்கற கேள்விக்கு வர்றேன். எகானமியில போறீங்கன்னா ரெண்டு விலையையும் எழுதிப் பாத்துட்டு முடிவெடுங்க. உங்களுக்கு ஆறே பிளைட்டுதான், 16 பிளைட்டுக்கான டிக்கெட்டுல பத்தை வீணாக்கறீங்க, அதனால மல்டி சிட்டின்னு, அதாவது பல ஊரைக் கோத்து ஒரே புக்கிங்கா, போட்டுப் பாத்தா அது கம்மியா வந்தாலும் வரும். பிசினஸ் கிளாஸ்ல போற வசதி இருந்தா மட்டும் யோசிக்காம ரவுண்ட் த வேர்ல்ட் பக்கம் போங்க, நீண்ட தூர பிசினஸ் கிளாஸ் ஒன்வே டிக்கெட்டுங்களைத் தனித்தனியா வாங்கினா வர்ற தொகையைப் பாத்தா தலை சுத்தும், அந்த இடத்துலதான் இந்த டிக்கெட்டோட அருமை தெரியும். எதுவா இருந்தாலும் பசிபிக்கைத் தாண்டற டிக்கெட்டும் அட்லாண்டிக்கைத் தாண்டற டிக்கெட்டும்தான் விலையை ஏத்தி இறக்கறது, அதை முதல்ல பிடிங்க, சென்னை டு மெல்போர்னுக்கு எப்பவும் வழி உண்டு.

ஆனா ஒரு பைசா கட்டறதுக்கு முன்னாடி அமெரிக்க விசா கையில இருக்கணும். இன்டர்வியூ தேதிக்குப் பல மாசம் காத்திருக்க வேண்டி வரலாம், டிக்கெட்டைக் காட்டினா விசா சீக்கிரம் கிடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அப்புறம் இன்ஷூரன்ஸ். நம்ம ஊர் டிராவல் பாலிசி பலதும் ஒரு பயணத்துக்கு 180 நாள் வரைக்கும்தான் தர்றாங்க, நீங்க ஏழு மாசம் போறீங்க, நீட்டிக்க முடியுமான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. உங்க மனைவிக்கு முட்டி வலின்னு எழுதியிருந்தீங்க, எல்லா பிளைட்டுக்கும் வீல்சேர் கேளுங்க, காசு கிடையாது, கூச்சப்படவே வேணாம்.

மெல்போர்ன்ல காலைல ஏறினா அதே தேதி காலைல, ஏறின நேரத்துக்கும் முன்னாடியே லாஸ் ஏஞ்சல்ஸ்ல இறங்குவீங்க. நடுவுல தேதிக் கோட்டைத் தாண்டறதால. பொண்ணுகிட்ட தேதியைத் தெளிவா சொல்லிடுங்க, மறுநாள்னு நெனச்சு அவங்க வீட்லயே இருந்துடப் போறாங்க. ஆஸ்திரேலியாவுக்குப் பொடி, ஊறுகாய், பலகாரம் எது எடுத்துட்டுப் போனாலும் நாட்டுக்குள்ள நுழையும்போது நிரப்பற கார்டுல மறைக்காம எழுதுங்க, எழுதினா பாத்துட்டு விடுவாங்க இல்ல எடுத்து வெச்சுக்குவாங்க, எழுதாம மாட்டினா அபராதம்.

கேள்வி: கிழக்கே சுத்தறது நல்லதா மேற்கேயா? - கல்லூரி மாணவி, சிவகாசி

பதில்: தூக்கத்துக்கு மேற்கு நல்லதும்மா. மேற்கே போனா நாள் நீளும், நாம லேட்டா தூங்கறதுக்குப் பழகினவங்கதானே, உடம்பு ஒத்துக்கும், கிழக்கே போனா நாள் சுருங்கி ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் தூக்கம் வராது. ஆனா உயரத்துல அடிக்கிற மேலைக்காத்து பின்னாலருந்து தள்றதால கிழக்கே போற பிளைட் சீக்கிரம் போய்ச் சேரும். விசாவும் பருவமும் எந்தப் பக்கம் சொல்லுதோ அந்தப் பக்கம் போகணும், தூக்கம் நாலு நாள்ல சரியாயிடும். நீ கூடவே கேட்டிருந்த இன்னொரு விஷயம், இப்படி உலகம் சுத்தற பிளைட் எப்ப வந்துச்சுன்னு. 1947 ஜூன்ல பான் ஆம் கம்பெனி நியூயார்க்லருந்து கிழக்கே ஆரம்பிச்சது, லண்டன், கராச்சி, கல்கத்தா வழியா ஆசியாவைத் தாண்டி சான் பிரான்சிஸ்கோ வரைக்கும். நமக்கு சுதந்திரம் கிடைக்க ரெண்டு மாசம் இருக்கும்போது கல்கத்தாவுல அது இறங்கியிருக்கு, எனக்கு அதை நெனச்சாலே சிலிர்க்கும்.

கேள்வி: அக்கா, நானும் என் வைஃபும் ஐடியில இருக்கோம், ஒரு வருஷம் வேலையை விட்டுட்டு உலகம் சுத்தப் போறோம். வியட்நாம், ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா எல்லாம் லிஸ்ட்ல இருக்கு. எல்லா டிக்கெட்டையும் இப்பவே போட்டா மலிவா, இல்ல போகப் போக போடறதா? - ஒரு வாசகர், கோவை

பதில்: தம்பி, இப்பவே எல்லாத்தையும் போடணும்னாலும் முடியாது. கம்பெனிங்க பொதுவா 330லருந்து 360 நாள் முன்னாடி வரைக்கும்தான் டிக்கெட் விக்கவே ஆரம்பிப்பாங்க, உங்க கடைசி மாசத்து பிளைட் இன்னும் கம்ப்யூட்டர்லயே ஏறியிருக்காது. ரவுண்ட் த வேர்ல்ட் டிக்கெட் வாங்கறவங்க கடைசி பிளைட்டுக்கு ஒரு தேதியை சும்மா போட்டு வெச்சுட்டு அப்புறம் மாத்திக்குவாங்க, அதுல தேதி மாத்தறது சுலபம், ஊரை மாத்தினாதான் காசு.

ஆனா நம்ம பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்களுக்கு உண்மையான கணக்கு வேற. ஐரோப்பாக்காரன், அமெரிக்காக்காரன் எழுதற பயணக் குறிப்பைப் படிச்சுட்டு நீங்க பிளான் போட்டீங்கன்னா மாட்டிக்குவீங்க, அவங்களுக்குப் பாதி உலகம் கதவைத் தெறந்து வெச்சிருக்கு, நமக்கு ஒவ்வொரு கதவுக்கும் ஒரு விசா. அந்த விசாவுக்கு ஆயுசு இருக்கு. ஜப்பான் டூரிஸ்ட் விசா சிங்கிள் என்ட்ரி குடுத்த தேதிலருந்து மூணு மாசத்துக்குள்ள உள்ள போயாகணும். ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடிதான் அப்ளை பண்ணவே முடியும், அதையும் நீங்க குடியிருக்கிற நாட்லதான் வழக்கமா வாங்குவாங்க, ஊர் சுத்திட்டு இருக்கும்போது நடுவுல மெக்சிகோவுலயோ வியட்நாம்லயோ உக்காந்து ஷெங்கன் அப்ளை பண்ணிக்கலாம்னு நெனச்சு போனவங்க சில பேர் கடைசில அந்த விசாவுக்காகவே ஊருக்குத் திரும்பி வந்திருக்காங்க, எவ்வளவு காசு எவ்வளவு மனக்கஷ்டம். சுத்திப் பாக்கப் போறவங்களுக்குக் குடுக்கற அமெரிக்க பி1/பி2 விசா மட்டும்தான் பெரும்பாலும் பத்து வருஷத்துக்குக் குடுக்கறாங்க, அதனால அமெரிக்காவை வழியில எங்க வேணா வெச்சுக்கலாம்.

இதை வெச்சு நீங்களே வழியைப் பாருங்க, தானா அமையும். கிளம்பி கிழக்கே போங்க. வியட்நாம் இ-விசாவுல போய்க்கலாம், ரெண்டாவது மாசத்துலயே ஜப்பானை முடிச்சிடுங்க. அங்கேருந்து பசிபிக் தாண்டி அமெரிக்கா, மெக்சிகோ (அமெரிக்க விசா செல்லுபடியா இருந்தா மெக்சிகோவுக்குத் தனி விசா வேணாம்). அஞ்சாவது மாசக் கடைசிக்குள்ள அட்லாண்டிக் தாண்டி ஐரோப்பாவுக்குள்ள போயிடணும், ஊர்லருந்து கிளம்பறதுக்கு முன்னாடி வாங்கின ஷெங்கன் விசா அப்பதான் வேலைக்கு ஆகும். அங்க எந்த 180 நாள்லயும் 90 நாளுக்கு மேல தங்க முடியாது, உங்களுக்குக் குடுத்த விசாவுல இன்னும் கம்மியாகூட இருக்கலாம். அதுக்கப்புறம் மிச்ச மாசங்களை நமக்குக் கதவு சுலபமா தெறக்கற பக்கம் மெதுவா கழிங்க. ஷெங்கன் இல்ல அமெரிக்க விசா செல்லுபடியா இருந்தா துருக்கிக்கு இ-விசா, ஜார்ஜியாவுக்கு விசாவே வேணாம், கஜகஸ்தான் 14 நாள் நமக்கு ஃப்ரீ. அப்படியே வீடு.

டிக்கெட்டுன்னு பாத்தா, டோக்கியோ டு அமெரிக்காவும் அமெரிக்கா டு ஐரோப்பாவும்தான் நீங்க இங்கேருந்தே போட வேண்டியது, தேதி மாத்தற வசதியோட போடுங்க, கொஞ்சம் விலை கூட இருந்தாலும் பரவால்ல. ஆசியாவுக்குள்ளயும் ஐரோப்பாவுக்குள்ளயும் பட்ஜெட் கம்பெனிங்க நெறைய, நாலு வாரம் ஆறு வாரம் முன்னாடி அங்க இருந்தே போட்டுக்கலாம், இங்க உக்காந்து முன்கூட்டியே போட்டீங்கன்னா ஒரு ஊர் பிடிச்சுப் போய் நாலு நாள் கூட இருக்கலாம்னு தோணும்போது அந்தக் காசு அம்போ. ஆனா ஒண்ணு, பல நாட்டுல இறங்கும்போது திரும்பிப் போற டிக்கெட் எங்கேன்னு கேப்பாங்க, அதைவிட ஏறற ஊர் செக்-இன் கவுன்ட்டர்லயே கேட்டு நிறுத்திடுவாங்க, அதனால ஒவ்வொரு நாட்டுக்குள்ளயும் போறதுக்கு முன்னாடி வெளிய போற டிக்கெட் ஒண்ணு கையில இருக்கட்டும். அமெரிக்காவுக்குப் போற, அங்கேருந்து கிளம்பற பிளைட்டை ஏழு நாளுக்கு மேல முன்னாடி கம்பெனிகிட்ட நேரா போட்டா 24 மணி நேரத்துக்குள்ள காசு பிடிக்காம ரத்து பண்ணிக்கலாம் இல்ல காசு கட்டாம ஹோல்டு பண்ணலாம், அந்த நாட்டு விதி அது. பட்டனை அழுத்திட்டு அன்னைக்கு ராத்திரியே பேர், தேதி, ஊர் எல்லாத்தையும் ரெண்டு பேரும் உக்காந்து சரிபாருங்க.

இன்னொரு விஷயம் கேட்டிருந்தீங்க, ரவுண்ட் த வேர்ல்ட் டிக்கெட் வேற நாட்டுலருந்து ஆரம்பிச்சா மலிவுன்னு சொல்றாங்களே உண்மையான்னு. உண்மைதான், கிளம்பற நாட்டைப் பொறுத்து அதே சுத்துக்கு விலை மாறும், அந்த நாட்டுக்குத் தனி டிக்கெட்டுல போய் அங்கேருந்து ஆரம்பிக்கறவங்க இருக்காங்க. ஆனா முடியறதும் அங்கதான் முடியும், திரும்ப ஊருக்கு ஒரு டிக்கெட், அந்த நாட்டுக்கு ரெண்டு தடவை விசா. கூட்டிக் கழிச்சா உங்களுக்குப் பெருசா மிச்சம் இருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.

கேள்வி: நியூஸிலாந்துலருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வழியா லண்டன் போறேன். அமெரிக்காவுல ஏர்போர்ட்டை விட்டு வெளியவே வரமாட்டேன், மூணு மணி நேரம்தான். இதுக்கு எதுக்கு விசா கேக்கறாங்க? - ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: மேடம், இந்த ஒரு கேள்வியை நீங்க டிக்கெட் போடறதுக்கு முன்னாடி கேட்டதுக்கே உங்களைப் பாராட்டணும். அமெரிக்க ஏர்போர்ட்ல வெளிநாட்டுக்கு மாறிப் போறவங்களுக்குன்னு தனி இடம் கிடையாது. எல்லாரும் இமிக்ரேஷன் வழியா நாட்டுக்குள்ள நுழைஞ்சு, பெட்டியை எடுத்து, மறுபடி குடுத்து, மறுபடி செக்யூரிட்டி தாண்டித்தான் போகணும், அதனால மூணு மணி நேரமானாலும் விசா வேணும். ட்ரான்சிட்டுக்குன்னு சி-1னு ஒண்ணு இருக்கு, ஆனா அதுக்கும் பி1/பி2க்கும் விண்ணப்பக் கட்டணம் ஒண்ணுதான், இன்டர்வியூவும் உண்டு, எடுக்கறதுதான் எடுக்கறீங்க பி1/பி2வே கேளுங்க. கனடா வழியா போனாலும் நமக்கு ட்ரான்சிட் விசா வேணும். சிங்கப்பூர்ல அப்படி இல்ல, ஒரே டிக்கெட்டா இருந்து பெட்டி நேரா போய்ச் சேர்ற மாதிரி இருந்தா உள்ளயே உக்காந்துட்டுப் போயிடலாம். லண்டன் போய்ச் சேர்றது மட்டும்தான் நோக்கம்னா சிங்கப்பூர் வழியா போயிடுங்க.

உலகம் சுத்தியே ஆகணும், ஆனா அமெரிக்க விசா இல்லைன்னு சொல்றவங்களுக்கு தெற்கு வழி ஒண்ணு இருக்கு. சிட்னிலருந்து குவான்டாஸ் சிலி நாட்டு சாண்டியாகோவுக்கு நேரா போகுது, அங்கேருந்து பிரேசில் சாவ் பாவ்லோ, அங்கேருந்து எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ்ல அடிஸ் அபாபா, அப்புறம் மும்பை. அழகான வழி, அமெரிக்க மண்ணை மிதிக்கவே வேணாம். சிலிக்கும் பிரேசிலுக்கும் விசா விதி தனி, அதைப் பாத்துக்கணும், மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் போட்டுக்கணும், அதைக் கடைசில சொல்றேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் ரொறொன்ரோவில இருக்கிறம். அடுத்த வருசம் மூண்டு மாசம் லீவு எடுத்து லண்டனில தங்கச்சி வீடு, பிறகு சென்னை, பிறகு யாழ்ப்பாணத்தில அம்மாவோட ஒரு மாசம், திரும்பேக்க சிட்னியில மச்சான் வீட்டையும் பாத்துக்கொண்டு வர யோசிக்கிறம். பிள்ளையளுக்கு 9 வயசும் 13 வயசும். கனடாவில இருந்து வெளிக்கிட்டா இந்த ரிக்கெற் சரிவருமோ? - ஒரு வாசகி, ரொறொன்ரோ

பதில்: ரொம்ப நல்லா சரிவரும் தங்கச்சி. உங்களுக்கு ஸ்டார் அலையன்ஸ்தான் பொருத்தம், ஏர் கனடா அதுலதான் இருக்கு. ரொறொன்ரோ, லண்டன், பிராங்பர்ட் வழியா லுஃப்தான்சாவுல சென்னை. அங்க டிக்கெட்டை நிறுத்திடுங்க. சென்னைலருந்து யாழ்ப்பாணம் ஏர்போர்ட்டான பலாலிக்கு இன்டிகோ 2024 செப்டம்பர்லருந்து போகுது, அது எந்தக் கூட்டணியிலயும் சேராதது, அதனால அதைத் தனியா வாங்கணும், சின்ன விமானம், லக்கேஜ் அளவைப் பாத்துட்டு பெட்டி கட்டுங்க, அம்மாவுக்கு வாங்கின சாமானெல்லாம் சென்னையில மாட்டிக்கக் கூடாது. அம்மாவோட இருந்துட்டு யாழ்ப்பாணத்துலருந்து ரயில்லயோ பஸ்லயோ கொழும்பு வந்து, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல சிங்கப்பூர், சிட்னி, அப்புறம் ஏர் கனடாவுல வான்கூவர், ரொறொன்ரோ. சென்னைக்கும் கொழும்புக்கும் நடுவுல நீங்களா போற தூரத்தையும் மைல் கணக்குல சேத்துக்குவாங்க, சின்ன தூரம்தான், பயப்படாதீங்க.

பெரிய பிள்ளைக்கு 12 தாண்டிட்டதால முழு டிக்கெட், சின்னவருக்குக் குழந்தைக் கட்டணம். லண்டன்லருந்து கிளம்பும்போது பிரிட்டன் அரசாங்கம் ஒரு பயண வரி போடுது, நீண்ட தூரத்துக்கு நல்ல தொகை வரும், ஆனா 16 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு எகானமியில அது கிடையாது, டிக்கெட் போடும்போது வயசு சரியா போட்டிருக்கான்னு பாருங்க. கனடா பாஸ்போர்ட்டா இருந்தாலும் பிரிட்டனுக்கு, இலங்கைக்கு, ஆஸ்திரேலியாவுக்கு ஆன்லைன் அனுமதி எடுக்கணும், இந்தியாவுக்கு விசா, அதை எல்லாத்துக்கும் முதல்ல ஆரம்பிங்க. மூணு மாசத்துல ஒரு மாசத்தை அம்மாவுக்குன்னு ஒதுக்கியிருக்கீங்க பாருங்க, அதைக் குறைச்சு வேற ஊர் எதையும் சேத்துடாதீங்க.

கேள்வி: என் பாஸ்போர்ட்டுல சர்நேம் காலியா இருக்கு, பேர் மட்டும் ஒத்தை வார்த்தை. இனிஷியலையும் காணோம். ஆறு கம்பெனி பிளைட்டுல எட்டு நாடு சுத்தப் போறேன், டிக்கெட்டுல என்ன போடறது? - ஒரு வாசகர், மதுரை

பதில்: சார், இது நம்ம தமிழ் ஜனங்களுக்கே உரிய தலைவலி, என் கவுன்ட்டர்ல வாரத்துக்கு ரெண்டு பேராவது இதோட வருவாங்க. நமக்கு குடும்பப் பேர்னு கிடையாது, அப்பா பேரோட முதல் எழுத்துதான் இனிஷியல், விமானக் கம்பெனி கம்ப்யூட்டருக்கு அது புரியாது, கடைசிப் பேர்னு ஒரு கட்டம் காலியா இருந்தா மேல நகராது. ஒரு கம்பெனி அதே பேரை ரெண்டு கட்டத்துலயும் போடச் சொல்லும், இன்னொண்ணு பேரை சர்நேம்ல போட்டுட்டு முன்னாடி எஃப்.என்.யூன்னு (முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம்) போடச் சொல்லும், அமெரிக்க விசாவுலயும் அந்த எஃப்.என்.யூதான் வரும். ஒரு போய்ட்டு வர்ற டிக்கெட்டுன்னா கம்பெனிகிட்ட கேட்டுப் போட்டுடலாம். நீங்க போறது ஆறு கம்பெனி, எட்டு நாடு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர்ல ஒத்தைப் பேர் பாஸ்போர்ட்டுல டூரிஸ்ட் விசாவுல வர்றவங்களை விடமாட்டேன்னு சொன்னாங்க, பின்னால ரெண்டாம் பக்கத்துல அப்பா பேர் இருந்தா பரவால்லன்னாங்க. இந்த மாதிரி ஒவ்வொரு ஊர்லயும் வாதாடிட்டு நிக்க முடியுமா?

அதனால காசு கட்டறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ குடுத்து அப்பா பேரை சர்நேமா போட்டு வாங்கிடுங்க, அதுக்கப்புறம் எல்லா விசாவும் எல்லா டிக்கெட்டும் அந்தப் பேர்லயே ஒரு எழுத்து மாறாம இருக்கட்டும். குடுக்கும்போதே 60 பக்க புத்தகம் கேளுங்க, சாதாரண 36 பக்கம் இவ்வளவு நாட்டு ஸ்டிக்கருக்கும் முத்திரைக்கும் போதாம போகலாம். பயணம் முடியற தேதிக்கு அப்புறமும் ஆறு மாசம் பாஸ்போர்ட் செல்லுபடியா இருக்கணும், கிளம்பற தேதிக்கு இல்ல.

கேள்வி: நடுவுல ஒரு பிளைட்டை விட்டுட்டு அந்த தூரத்தை ரயில்ல போய்ட்டு அடுத்த பிளைட்டுல ஏறிக்கலாமா? - ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: சொல்லாம விட்டா கூடாது, கூடவே கூடாது. ஒரே டிக்கெட்டுல ஒரு பிளைட்டுக்கு நீங்க வரலைன்னா நோ-ஷோன்னு போட்டு அதுக்குப் பின்னால இருக்கிற எல்லா பிளைட்டையும் கம்ப்யூட்டர் ரத்து பண்ணிடும். பாரிஸ்ல அருமையா நாலு நாள் இருந்துட்டு ரயில்ல ரோம் போனவர் ஒருத்தர், ரோம்லருந்து ஊருக்கு வர்ற டிக்கெட் செத்துப் போச்சுன்னு ஏர்போர்ட்லருந்து எனக்கு அழுகாத குறையா போன் பண்ணார். முன்னாடியே கூப்பிட்டு அந்தத் துண்டை எடுத்துட்டு டிக்கெட்டை மாத்தி எழுதச் சொல்லணும், கட்டணம் வரும், ஆனா மிச்சம் பிழைக்கும். ஆரம்பத்துலயே தெரிஞ்சா அதை தரைவழின்னு சொல்லிப் போட்டுடலாம், 16ல ஒண்ணா அதையும் எண்ணுவாங்க.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் நான் பட்டது ஒண்ணு சொல்றேன். இவ்வளவு வருஷ அனுபவம் இருந்தும் ஒரு தடவை விலை கம்மின்னு ரெண்டு கம்பெனியில ரெண்டு தனி டிக்கெட் வாங்கி நடுவுல மூணு மணி நேரம் விட்டேன். முதல் பிளைட் நாலு மணி நேரம் தாமதம். ரெண்டாவது கம்பெனிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, நீங்க வரல அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க, ராத்திரி முழுக்க ஏர்போர்ட் நாற்காலியில உக்காந்து, காலைல மிச்சம் பிடிச்ச காசைப் போல மூணு மடங்கு குடுத்துப் புது டிக்கெட் வாங்கினேன். ஒரே பி.என்.ஆர்ல இருந்திருந்தா அடுத்த பிளைட்டுல ஏத்தி விடறது அவங்க பொறுப்பு. தனித்தனி டிக்கெட்தான் வாங்கறீங்கன்னா நடுவுல ஒரு ராத்திரி விடுங்க, அந்த ஊர்ல வெளிய வர விசா இருக்கான்னும் பாருங்க, ஏன்னா பெட்டியை நீங்களேதான் எடுத்து மறுபடி குடுக்கணும்.

கேள்வி: ஏஜென்ட்கிட்ட போடறதா, நாமே ஆன்லைன்ல போடறதா? வரி ஏதோ பிடிக்கறாங்களாமே? - ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஒன்வே டிக்கெட்டுங்களை நீங்களே கம்பெனி வெப்சைட்ல நேரா போடுங்க, நேரம் மாறினா ரத்தானா அவங்ககிட்டயே பேசிக்கலாம். ரவுண்ட் த வேர்ல்ட் டிக்கெட்டைக் கூட்டணி வெப்சைட்லயே போட்டுப் பாத்து வழியையும் விலையையும் தெரிஞ்சுக்கோங்க, ஆனா வாங்கறது பழகின ஏஜென்ட்கிட்ட வாங்குங்க, நடுவழியில மாத்தணும்னா கூப்பிட ஒரு ஆள் இருக்கணும். விக்கறவங்களே நம்மகிட்ட முன்கூட்டிப் பிடிச்சுக் கட்டற டி.சி.எஸ் வரியைப் பத்திக் கேட்டீங்க, வெறும் பிளைட் டிக்கெட்டுக்கு மட்டும் அது கிடையாது, டிக்கெட்டோட ஹோட்டலும் சேத்து வெளிநாட்டு பேக்கேஜா வாங்கினா பிடிப்பாங்க, வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம். வெளிநாட்டுப் பணத்துல விலை காட்டற வெப்சைட்ல நம்ம கார்டைப் போட்டா பேங்க் மூணரை சதவீதம் வரைக்கும் தனியா பிடிக்கும், ரெண்டு பேருக்கு டிக்கெட் எடுக்கும்போது அது சின்னத் தொகை இல்ல.

கேள்வி: ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா போனா ஊசி போடணுமா? எங்க போடறாங்க? - ஒரு வாசகர், சேலம்

பதில்: கென்யா, எத்தியோப்பியா, பிரேசில், பெரு மாதிரி மஞ்சள் காய்ச்சல் இருக்கிற நாட்டுக்குப் போய்ட்டு இந்தியாவுக்குள்ள வரும்போது அந்தத் தடுப்பூசி மஞ்சள் புத்தகம் கையில இல்லைன்னா நம்ம நாட்லயே ஏர்போர்ட்லருந்து நேரா தனிமைப்படுத்தற இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஆறு நாள் வரைக்கும் வெச்சிடுவாங்க. பல மாசம் கழிச்சு வீட்டைப் பாக்க ஓடி வர்ற நேரத்துல அது எவ்வளவு கொடுமை. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க, முன்பதிவு பண்ணிட்டு பாஸ்போர்ட்டோட போங்க. ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் அந்தச் சான்றிதழ் செல்லும், அதுக்கப்புறம் ஆயுசுக்கும் செல்லும். முட்டை அலர்ஜி இருந்தாலோ வயசு 60 தாண்டியிருந்தாலோ முதல்ல உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு, அப்புறமா அந்த நாட்டை லிஸ்ட்ல எழுதுங்க.